லாஷினின் வாய்

லாஷினின் பல்லை உடைத்தது நான்தான். அடித்து உடைக்கவில்லை. யோசனை சொல்லி உடைத்தேன்.

லாஷின் என் அண்ணி குன்சுலுவின் நாய். ஆறு வருஷத்துக்கு முன் அவள் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, அவளுடைய அப்பா கம்பளம், மெத்தை, பாத்திரங்களோடு ஒரு வேட்டைநாய்க் குட்டியையும் லாரியில் ஏற்றி அனுப்பினார். மற்ற நாய்கள் வாசலில் கிடக்கும். இது வீட்டுக்குள் படுக்கும், தனித் தட்டு, தின்பதும் அண்ணி கையால் கொடுத்தால்தான். கறி சூடாக இருந்தால் முகத்தைத் திருப்பும். ஆறிப்போனாலும் திருப்பும். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககூட இவ்வளவு நொட்டை சொல்லலை" என்பாள் அண்ணி. சொல்லிக்கொண்டே கறியை ஊதி ஊதி ஆற்றுவாள். போன வருஷம் அவள் அப்பா இறந்த பிறகு அப்படி ஊதுகிற நேரம் இன்னும் கொஞ்சம் நீண்டது.

எங்கள் பக்கத்தில் மருமகள் புருஷனின் தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். தானாக ஒரு பேர் வைப்பாள். எனக்கு அண்ணி வைத்த பேர் அரை டாக்டர். கால்நடை மருத்துவம் இரண்டரை வருஷம் படித்துவிட்டு நின்றவன் நான். நின்றதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. காலையில் எழுந்திருக்க முடியவில்லை. இப்போது பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்கு ராத்திரி முழுக்க நிலக்கரி அள்ளிப் போடுகிறேன், மற்றவர்கள் எழும் நேரத்தில் படுக்கிறேன். அண்ணன் நூர்கெல்தி மேற்கே எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கிறான். இரண்டு மாதம் அங்கே, ஒரு மாதம் வீட்டில்.

நவம்பர் கடைசியில் ஒருநாள் காலை நான் வேலை முடிந்து வந்தபோது அண்ணி நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அரை டாக்டரே, இங்க வா. இவன் வாய் நாறுது."

"நாய் வாய் பின்ன மணக்குமா அண்ணி?"

"நேத்து வரைக்கும் அடிச்சது நாய் நாத்தம். இது வேற நாத்தம். வந்து மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். கடைவாய்ப் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் காரை ஏறியிருந்தது. ஈறு ஓரம் சிவந்திருந்தது. அரைகுறையாகப் படித்தவனுக்குத் தெரியாது என்று சொல்ல வராது. நகரத்தில் நாய் கடிப்பதற்கென்றே கெட்டிப் பால்கட்டி விற்கிறார்கள், அது காரையைச் சுரண்டிவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். எங்கள் வீட்டிலேயே குர்த் பையில் தொங்குகிறது. உப்புத் தயிரை உருட்டி வெயிலில் காயவைத்த உருண்டை. புதுசு என்றால் கடித்துத் தின்னலாம். மூன்று வருஷப் பழசை வைத்து ஆணி அடிக்கலாம்.

"குர்த்துல பழசா பாத்து ஒண்ணு ரெண்டு கொடுங்க அண்ணி. கடிச்சுக் கடிச்சே பல்லு வெளுத்துடும். நம்ம பல்லெல்லாம் அதைத் தின்னுதானே நிக்குது?"

"உன் பல்லைக் காட்டிப் பேசாத. இருக்கிற காரை போதாதுன்னு பயந்து வேற போயிடுவான்."

ஆனாலும் கொடுத்தாள். உப்புப் போக அலசித்தான் கொடுத்தாள். எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்கிற லாஷினுக்கு அது பிடித்துப்போனது. முன்னங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காகக் கடித்தது. பதினோராம் நாள் பகலில், சுள்ளி முறிவது போல ஒரு சத்தம் கேட்டதாம். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அண்ணி சமையலறையிலிருந்து ஓடிவந்து பார்த்திருக்கிறாள். நாய் கத்தவில்லையாம். வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றதாம்.

ஒரு வாரத்தில் வலது கண்ணுக்குக் கீழே வீங்கியது.

பக்கத்து ஊர் ஷெலெக்கில் கால்நடை மருத்துவர் ஸவ்ரே. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அவள் படிப்பை முடித்தாள். பக்கத்து வீட்டுக் காரில் நாயைக் கொண்டுபோனோம். அவள் ஒரு கையால் தாடையை அணைத்து, மறு கையால் உதட்டை ஒரு நொடி தூக்கிப் பார்த்தாள்.

"மேல வலது பக்கம், கறியை வெட்டுற பெரிய பல்லு. சீவின மாதிரி பிளந்திருக்கு. வேர்ல சீழ். என்ன கொடுத்தீங்க? எலும்பா, கல்லா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொன்னாள்: "நான்தான் குர்த் கொடுத்தேன்."

"பழசா அக்கா?"

"பழசுதான்."

"நகத்தால அழுத்தினா பள்ளம் விழணும் அக்கா. விழலைன்னா அது நாய் கடிக்கிற பொருளே இல்ல. இதை யாரும் உங்களுக்குச் சொல்லலையா?" என்று கேட்டுவிட்டு ஸவ்ரே என்னைப் பார்த்தாள்.

நான் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டோடு அவள் நிற்க, இந்தப் பக்கம் கரித்தூள் படிந்த நகங்களோடு நான் நிற்க, அந்த வாக்கியம் வரவில்லை.

"உடைஞ்ச பல்லு போகணும். அதுல பேச்சே இல்ல," என்றாள் ஸவ்ரே. "ஆனா இந்த ஜாதிக்கு உடம்புல கொழுப்பே கிடையாது. மயக்க மருந்து கொஞ்சம் தப்பினாலும் எழுந்திருக்காது. ஆல்மாட்டியில நான் வாரம் ஒருநாள் போற ஆஸ்பத்திரியில மூச்சு வழியா மயக்கம் கொடுக்கிற மெஷின் இருக்கு. இருபது நாள் கழிச்சுத்தான் இடம். அதுவரைக்கும் சீழுக்கும் வலிக்கும் மாத்திரை தரேன்." பிறகு இடது பக்க உதட்டை விலக்கினாள். "எனக்குக் கவலை இந்தப் பக்கம்தான். மூணு பல்லு. ஈறு கெட்டுக் கிடக்கு. தினம் தேய்ச்சா ஈறு தணியும், எது நிக்கும், எது நிக்காதுன்னு தெரியும். தேய்க்கலைன்னா மூணையும் அன்னைக்கே எடுத்துடுவேன். இவனை ரெண்டாவது தடவை மயக்க எனக்குத் தைரியம் இல்ல."

"மூணும் போனா?" என்றாள் அண்ணி.

"கஞ்சி குடிச்சுப் பிழைச்சுக்குவான். நரியைப் பிடிக்க மாட்டான்."

"தேய்க்கிறேன்."

"வாயைத் தொட விடுவானா?"

"எங்கிட்ட எல்லாத்துக்கும் விடுவான்," என்றாள் அண்ணி. அதைச் சொல்லும்போது முதல் தடவையாக அன்று சிரித்தாள்.

மறுநாள் காலை நான் வேலையிலிருந்து வந்ததும் அதே உடையோடு தரையில் உட்கார்ந்தேன். ஸவ்ரே தந்த மென்மையான பிரஷ், நாய்க்கான பற்பசை. நான்தான் சொன்னேன், நான் தலையைப் பிடிக்கிறேன், நீங்கள் சட்டென்று தேய்த்துவிடுங்கள் என்று. பிடித்தேன். கொதிகலன் கதவைத் திறக்கிற கை. லாஷின் திமிறியது, பிரஷ் வழுக்கி வலது பக்கம் போய் உடைந்த பல்லில் இடித்தது.

நாய் அப்படி அலறி நான் கேட்டதில்லை. கடிக்கவில்லை. கடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கம்பளத்தின் மேலேயே மூத்திரம் போய்விட்டது. என் கை தளர்ந்ததும் எழுந்து போய் அடுப்புக்குப் பின்னால் நுழைந்துகொண்டது.

அன்று மத்தியானம் அண்ணி கறியை ஊதி, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். லாஷின் அவள் கையைப் பார்த்தது, அவள் முகத்தைப் பார்த்தது, தலையைத் திருப்பிக்கொண்டது. அடுத்த நாளும் அப்படியே. மாத்திரையைக் கறிக்குள் மறைத்துத் தட்டில் வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே போனால் மட்டும், யாருமில்லாதபோது வந்து பாதி தின்றது. ஆறு வருஷத்தில் அது கறியைக் கையால் ஊட்டாமல் தின்றது அப்போதுதான். வீக்கம் வடிந்தது. விலா எலும்பு எண்ணும்படி வந்தது. அண்ணி அறைக்குள் வந்தால் நாய் எழுந்து வேறு அறைக்குப் போனது.

அண்ணன் போனில் படத்தோடு வந்தான். நான் அறையை மறைத்த திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் தூங்குவதாகப் பேர்.

"காட்டு அவனை. இது நாயா, வேலிக்கம்பா? ஒரு நாயைப் பாத்துக்கத் தெரியாதாடி உனக்கு?"

"தெரியாமத்தான் குர்த்தைக் கொடுத்துட்டேன்."

"உங்கப்பா இருந்திருந்தா உன் கையில கொடுத்ததுக்குத் தலையில அடிச்சுக்கிட்டிருப்பாரு."

அண்ணி ஏதோ சொல்லிச் சிரித்துப் போனை வைத்தாள். பிறகு கழுவி அடுக்கியிருந்த கோப்பைகளை எடுத்து மறுபடியும் கழுவினாள். நான் எழுந்து போகவில்லை. எட்டு நாள் போய்விட்டது, ஒரு பல்லைக்கூடத் தொடவில்லை.

ஒன்பதாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். வேகவைத்த ஈரலும் ஆட்டு வால்கொழுப்பும் வந்ததும் வழக்கம்போலக் கூச்சல் கிளம்பியது. பெண் வீட்டுப் பெண்கள் சம்பந்திகளின் வாயில் கையாலேயே ஊட்ட வேண்டும், மிச்சக் கொழுப்பைக் கன்னத்தில் பூச வேண்டும். ஊட்டுவதில் அண்ணி கெட்டிக்காரி, அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்குத் தூக்கம் சொக்கியது. சாப்பாட்டுக்காகப் போயிருந்தேன்.

மாப்பிள்ளையின் பெரியப்பா, பருத்த மனிதர், வாயைத் திறக்கவே மாட்டேன் என்றார்.

"சம்பந்தி வாய்க்குப் பூட்டுப் போட்டிருக்காரு! சாவி யார் கிட்ட?"

"அவங்க வீட்டம்மா இடுப்புல இருக்கும், போய்த் தேடு!"

இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் அவர் கன்னத்தைப் பிடித்தார்கள். ஒருத்தி தாடையை அழுத்தினாள். அவர் முகம் சிவந்து, கையைத் தட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். சிரிப்பு நின்றுபோனது. ஒரு நிச்சயம் அங்கேயே கெட்டுப்போகலாம் என்பது போல இருந்தது.

"விடுங்கடி," என்றாள் அண்ணி. அவருக்கு எதிரே உட்காரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு துண்டு ஈரலைக் கிள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். வழியில் பனி எப்படி, கணவாய் திறந்திருந்ததா என்று கேட்டாள். அவர் முதலில் முனகினார், பிறகு பேசினார். இன்னொரு துண்டு, சின்னதாகக் கொழுப்போடு, அவள் மடியில் இருந்த கையில் அப்படியே இருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. அவர் பார்த்தார். கடைசியில் அவரேதான் குனிந்து வந்து வாயைத் திறந்தார். ஊட்டி முடித்ததும் அவள் காதில் ஏதோ சொன்னார்.

வீட்டுக்கு நடக்கும்போது, "என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"புதுப் பல்செட்டாம். ஈறெல்லாம் புண்ணாம். 'சின்னதா கொடுத்தியேம்மா, நல்லா இரு'ன்னார். பாவம், வாய்க்குள்ள வலியை வச்சுக்கிட்டிருக்கிற மனுஷனைப் பிடிச்சு இழுத்தா எங்கேருந்து திறப்..."

சொல்லி முடிக்காமல் பனியில் நின்றுவிட்டாள். பிறகு வீட்டுக்குப் போகாமல் திரும்பி விருந்து வீட்டுக்குப் போய், ஒரு கிண்ணத்தில் ஈரலும் கொழுப்பும் வாங்கி வந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் நாயைக் கூப்பிடவில்லை. அடுப்பின் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்தாள், முதுகைப் பாதி அதன் பக்கம் காட்டிக்கொண்டு. சுட்டுவிரலில் மெல்லிய துணியைச் சுற்றி, அதன் மேல் மசித்த ஈரலும் கொழுப்பும் பூசி, கையை முழங்காலில் வைத்துக்கொண்டாள். தானும் ஒரு கவளம் தின்றாள்.

"நான் என்ன பண்ணட்டும் அண்ணி?"

"நீ போய்த் தூங்கு. உன் கையைப் பாத்தாலே அவனுக்கு ஆகலை."

திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் யாரோ விருந்தாளியிடம் பேசுவது போலப் பேசிக்கொண்டிருந்தாள். பனி எப்படி இருந்தது, வழியில் சிரமமா, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா. ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நகம் தரையில் படும் சத்தம். பிறகு நக்கும் சத்தம். அண்ணியின் பேச்சு ஒரு நொடி நின்று, மறுபடி அதே குரலில் தொடர்ந்தது.

முதல் நாள் நக்கியதோடு சரி. இரண்டாம் நாள் விரல் உதட்டில் பட்டது. நான்காம் நாள் இடது பக்கம் ஒரு பல். ஸவ்ரேயிடம் போனில் சொன்னோம். "ஈரல் பரவாயில்ல. கொழுப்பு விரல்ல பூசுற அளவுதான், அதிகமானா வயித்தால போகும். வெளிப்பக்கம் மட்டும் தேய்ங்க, ஈறு ஓரமா. உள்பக்கத்தை நாக்கு பாத்துக்கும். உடைஞ்ச பக்கம் போகவே போகாதீங்க," என்றாள். காலையில் வேலை முடிந்து வந்ததும் ஈரலை வேகவைத்து மசித்து, விரல் சூட்டுக்கு ஆற்றி வைப்பது என் வேலை ஆனது. சூடு சரியில்லை என்றால் அண்ணி கிண்ணத்தைத் திருப்பி அனுப்புவாள். "சம்பந்தி கோவிச்சுக்குவாரு, போய்ச் சுட வச்சுக் கொண்டா."

ஏழாம் நாள் மூன்று பல்லும். ஒரு பல்லுக்கு ஐந்து நொடி. கறியையும் அவள் கையிலிருந்து தின்ன ஆரம்பித்தது.

ஆல்மாட்டிக்குப் போக இரண்டு நாள் இருக்கையில் அண்ணன் மறுபடி அழைத்தான். காலை நேரம், நான் கிண்ணத்தோடு அடுப்பருகில் நின்றிருந்தேன்.

"யோசிச்சுப் பாத்தேன்," என்றான். "ஆபரேஷன் முடிஞ்சதும் நாயை நம்ம ஊர் வேட்டைக்காரன் கோஷர்பாய் கிட்ட கொடுத்துடலாம். அவனுக்கு வேட்டைநாயை வளர்க்கத் தெரியும். உன் கையில இருந்தா அடுத்து எதை உடைப்பியோ."

அண்ணி விரலில் சுற்றிய துணியை அவிழ்த்து மறுபடி சுற்றினாள். எதையாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று பார்த்தேன். அவள் மறுபடியும் துணியை அவிழ்த்தாள்.

நான் போனை வாங்கினேன்.

"குர்த் கொடுக்கச் சொன்னது நான். பழசா பாத்துக் கொடுக்கச் சொன்னதும் நான். தலையைப் பிடிச்சு அமுக்கினதும் நான்தான். அண்ணி வேண்டாம்னுதான் முதல்ல சொன்னாங்க."

அந்தக் கடைசி வாக்கியம் முழு உண்மை இல்லை. இருந்தாலும் சொன்னேன்.

அண்ணன் முகத்தைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான்.

"இதைச் சொல்ல உனக்கு ஒரு மாசமாடா?"

"ஆமா."

"அவ திட்டு வாங்கும்போது எங்க இருந்த?"

"திரைக்குப் பின்னாடி."

"படிப்பையும் இப்படித்தானே..." என்று ஆரம்பித்தான். அதற்குப் பிறகு அவன் சொன்னதை எழுத அவசியமில்லை. எல்லாம் சரியாகத்தான் சொன்னான். முடித்துவிட்டு, "அவளைக் கூப்பிடு," என்றான். அண்ணி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது மூக்கு நுனி சிவந்திருந்தது, குளிரினாலோ என்னவோ. "கோஷர்பாய்க்கு வேற நாய் கிடைக்கும்," என்று மட்டும் சொன்னாள்.

"ஸவ்ரே முன்னாடியே நீங்க என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாமே அண்ணி?"

"உங்கண்ணன் என்னைத் திட்டினா போனை வச்சதும் முடிஞ்சுபோயிடும். உன்னைத் திட்டினா நீ காலேஜை விட்டதுலேருந்து ஆரம்பிப்பாரு. இப்பப் பாத்தியா? முக்கா மணி நேரம். ஈரல் ஆறிப்போச்சு."

ஆல்மாட்டியில் லாஷினை மேஜையில் தூக்கி வைக்கும்போது அண்ணியின் கைதான் அதன் தாடைக்குக் கீழே இருந்தது. கண் சொருகும் வரை அந்தக் கையை எடுக்கவில்லை. நாங்கள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஸவ்ரே முகமூடியைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தாள்.

"எழுந்துட்டான். உடைஞ்சது போச்சு. காரையெல்லாம் எடுத்தாச்சு. இடது பக்கம் கடைசிப் பல்லு ஒண்ணு எடுத்தேன், அதோட வேர்ல எலும்பே இல்ல, நீங்க ஒரு வருஷம் தேய்ச்சிருந்தாலும் போயிருக்கும். மத்த ரெண்டும் நிக்கும். நரியும் பிடிப்பான், ஆனா குளிர் போகட்டும்." பிறகு என்னிடம், "தையல் போட்ட இடத்தை ரெண்டு வாரம் தொடக் கூடாது. முன்பல்லை மட்டும் தேய்க்கலாம், அவனாக் கொடுத்தா."

"குர்த் கொடுக்கச் சொன்னது நான்தான்," என்றேன்.

"தெரியும். அன்னைக்கே உன் மூஞ்சி சொல்லுச்சு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு நாள் லாஷின் யாரிடமும் வரவில்லை. அடுப்புக்குப் பின்னால் படுத்துக் கிடந்தது. அண்ணி கூழ் போலக் கரைத்த கறியைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே போனாள். செய்த வேலை எல்லாம் வீணாகிவிட்டது என்று நான் நினைத்தேன். அவள் என்ன நினைத்தாள் என்று தெரியாது. மத்தியானத்தில் அடுப்பருகில் அதே இடத்தில், துணி சுற்றிய விரலோடு உட்கார்ந்தாள், எழுந்தாள். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் நான் கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அது வந்துவிட்டது. என்னைக் கடந்துதான் போனது. அண்ணியின் முழங்காலில் தாடையை வைத்தது. அவள் பழக்கத்தில் இடது பக்கம் விரலைக் கொண்டுபோனாள், அது தலையை விலக்கியது. பிறகு மூக்கை அவள் கைக்கு நேராக வைத்துக்கொண்டு, மேலுதட்டைத் தளர விட்டு நின்றது.

"முன்னாடி மட்டும்தானா? சரிங்க சம்பந்தி."

முன்பற்களை ஒரு தடவை துடைத்தாள். கோரைப்பல் ஒன்று. இன்னொன்றின் பாதியில் லாஷின் மூக்கால் அவள் கையைத் தள்ளியது. அண்ணி உடனே நிறுத்தினாள், விரலை முழங்காலிலேயே வைத்துக்கொண்டாள். நாய் போகவில்லை. துணியில் மிச்சமிருந்த ஈரலை நக்கியது, அவள் பாவாடையின் ஓரத்தில் சுருண்டு படுத்தது. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசையாமல் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள், கால் மரத்துப்போகும் வரை.